வெளிப்பக்கத்துக் கட்டை

போன மாதம் எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் பட்டிமன்றம் வைத்தார்கள். சிறைச்சாலை இருப்பது தண்டிப்பதற்கா, திருத்துவதற்கா என்று தலைப்பு. போளூரில் கணக்கு டீச்சராக இருக்கிற என்னை நடுவராக உட்கார வைத்துவிட்டார்கள். கணக்கு டீச்சர் என்றால் கூட்டிக் கழித்து நியாயம் சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கைதான். பிள்ளைகள் இரண்டு பக்கமும் பிளந்து கட்டினார்கள். தீர்ப்புச் சொல்லத்தான் எழுந்தேன். இரண்டு அணிக்கும் ஒரே மாதிரி பேனாவைப் பரிசாகக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். பிள்ளைகளுக்கு என்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. மேடையில் நின்ற டீச்சர் உண்மையில் ஜவ்வாது மலையில் ஒரு ஆட்டுக் கொட்டாய்க்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள் என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

அப்போது எனக்கு எட்டு வயது. மலையிலேயே இருந்த அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அரையாண்டு விடுமுறைக்கு அழைத்துப்போக வந்த அம்மா, பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்கு நடக்கிற வழியில், பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“உங்கப்பா வந்துக்கிறாரு.”

அதுவரை அப்பா என்பவர் எனக்கு வாக்காளர் அட்டையில் இருந்த ஒரு முகம்தான். நான் நடக்கப் பழகுகிற காலத்தில் ஆந்திரா பக்கத்துக் காட்டுக்குச் செம்மரம் வெட்டப் போனவர். எங்கள் மலையிலிருந்து அப்படிப் போனவர்கள் நிறையப் பேர். சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை, சிலர் அங்கே ஜெயிலில் இருந்தார்கள். அப்பா மூன்றாவது வகை. விடுதியில் என்னை ‘ஜெயிலு’ என்றுதான் கூப்பிடுவார்கள். சண்டை போட்டுப் பார்த்தேன், பிறகு பழகிவிட்டது. விளையாட்டில் சேர்க்காவிட்டால் சுவர் ஓரமாக உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பேன். நான் கணக்கு டீச்சர் ஆனதற்கு அந்தச் சுவர்தான் காரணம்.

அப்பா வந்துவிட்டார் என்றதும் ஓடினேன். வீட்டில் அவர் இல்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயிலுக்குப் போய் வந்தவன், ஊர் கூடிச் சேர்த்துக்கொள்கிற வரைக்கும், வீட்டு நிலைப்படியைத் தாண்டக் கூடாது. கொல்லையில்தான் தங்க வேண்டும். பெண்டாட்டி கிட்டே போகக் கூடாது. குழந்தைகள் போகலாம், அவர்களுக்குத் தீட்டு ஒட்டாதாம். சேர்த்துக்கொள்கிற நாளில் அவன் தன் கையாலேயே சாமைச் சோறு ஆக்கி ஊருக்குப் போட வேண்டும். ஊர்க்கவுண்டர் முதல் உருண்டையை வாயில் வைத்தால் அவன் மறுபடியும் ஊர்க்காரன். ஆம்பளைகள் சமைத்த சோறு எப்படி இருக்கும்? ஒன்று குழையும், இல்லையென்றால் தீயும். ஊரே முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்று, அவனைக் கேலி பண்ணி, வயிறு வலிக்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக ஆள் உள்ளே வந்துவிடுவான். யார் கண்டுபிடித்த வழக்கமோ, நல்ல புத்தியுள்ள ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

சாமை அறுப்பு முடிந்துதான் ஊர் கூடும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை அப்பா ஆட்டுக் கொட்டாயில். ஆடுகள் எல்லாம் அப்பாவின் வழக்குச் செலவுக்கு விற்றுப்போயிருந்தன, கொட்டாய் மட்டும் மிஞ்சியிருந்தது. நரிக்குப் பயந்து ஆடு அடைக்கிற இடமாதலால் அதன் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. வெளிப்பக்கத்தில் ஒரு புளியங்கட்டையைக் குறுக்கே செருக வேண்டும். கனமான கட்டை. போட்டாலும் எடுத்தாலும் இரும்பு வளையங்களில் இடித்து, கொல்லை முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போடும்.

முதல் நாள் சோற்றுத் தூக்கோடு நான் போனபோது கதவு சாத்தியிருந்தது. கட்டை போடவில்லை. “அப்பா” என்று கூப்பிட்டேன். அந்தச் சொல்லை ஒரு ஆளைப் பார்த்துச் சொல்வது அதுதான் முதல் தடவை, எனக்கே கூச்சமாக இருந்தது. உள்ளே அசைவு கேட்டது, ஆனால் கதவு திறக்கவில்லை. நானே தள்ளித் திறந்தேன். மெலிந்த ஒருவர் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தார்.

“இன்னா படிக்கிற?”

“மூணாவது. ஆஸ்டல்ல.”

ஆஸ்டல் என்றதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “மணி அடிப்பாங்களா? தட்டு எடுத்துக்கினு வரிசையில நிக்கணுமா? ராத்திரியில எண்ணுவாங்களா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். ஊரில் யாரும் என் விடுதியைப் பற்றி இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை. அவர் இருந்த இடத்திலும் தட்டில் பள்ளம் பள்ளமாக இருக்குமாம். அங்கேயும் உப்புமா என்றால் யாருக்கும் பிடிக்காதாம். ஜெயில் என்பதும் ஒரு ஆஸ்டல்தான், அப்பாவும் என்னைப் போல அங்கே இருந்துவிட்டு லீவுக்கு வந்திருக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அவரை எல்லாரும் ஏன் தள்ளி வைக்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை. அந்த லீவில் எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதர் அவர்.

இரண்டு நாள் கழித்து, பொழுது இறங்குகிற நேரத்தில், தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“பாப்பா, உங்க ஆஸ்டல்ல வெளியே இருந்து பூட்டுவாங்களா?”

“வார்டன் அம்மா பூட்டுவாங்க.”

“தூக்கம் வருதா?”

“வருதே.”

“எனக்கு இங்க வர்ல. நீ போறப்ப அந்தக் கட்டைய போட்டுட்டுப் போறியா?”

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். விடுதியில் எண்ணப்படுகிற நான் இங்கே எண்ணுகிறவள் ஆகிவிட்டேன். அவர்தான் எனக்குத் தெலுங்கில் எண்ணச் சொல்லிக்கொடுத்தார். ஒகட்டி, ரெண்டு, மூடு. அவர்களுடைய ரெண்டும் நம்முடைய ரெண்டும் ஒன்றே என்பதில் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஆனால் அந்த ரெண்டுக்கு வேலையே வரவில்லை. தினமும் கட்டையைச் செருகிவிட்டு, கதவைத் தட்டி, “எண்ணுங்க” என்பேன். உள்ளேயிருந்து “ஒகட்டி” என்று குரல் வரும். அதோடு எண்ணிக்கை முடிந்துவிடும். காலையில் போய்க் கட்டையை எடுப்பேன், அப்பா வெளியே வருவார். இது எங்கள் இரண்டு பேருக்குள் இருந்த விளையாட்டு, அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பாவம், அவள் கொல்லை வரப்பில் புளியமரத்தடி வரைக்கும் வருவாள். அங்கேயே நின்றுகொண்டு கொட்டாயின் பின்சுவரைப் பார்ப்பாள். தூக்கோடு நான் திரும்பினால், மூடியைத் திறந்து எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பாள்.

ஊர் கூடிய நாளும் வந்தது. மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் கல் கூட்டி, பெரிய அண்டாவை ஏற்றினார்கள். கேலி பண்ணுவதற்கென்றே முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தவர்களை எனக்கு நினைவிருக்கிறது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் அரிசியைக் கொட்டின விதத்திலேயே பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயிலில் அவரைச் சமையல்கட்டில் போட்டிருந்தார்களாம். கையில் எடுத்தால் உதிர்கிற மாதிரி சோறு, அதற்கு ஒரு பருப்புக் குழம்பு. அவ்வளவு ருசியான சோறு அந்தக் கோயிலடியில் அதற்கு முன்னால் யாரும் தின்றதில்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க என்ன இருக்கிறது? ஊர்க்கவுண்டர் உருண்டையை வாயில் வைத்துவிட்டு, கேலிக்கு வைத்திருந்த வார்த்தையை விழுங்கினார். பிறகு வழக்கப்படி கேட்டார்.

“தெரிஞ்சு போனியா, தெரியாத போனியா?”

எல்லாரும் “தெரியாதுங்க, கூலி வேலைன்னு இட்டுக்கினு போய்ட்டாங்க” என்றுதான் சொல்வார்கள். அதுவும் வழக்கம்தான்.

“தெரிஞ்சுதாங்க போனேன்” என்றார் அப்பா.

சொல்லிவிட்டு, நின்றுகொண்டிருந்தவர் தரையில் குந்தி, தலையைக் குனிந்து, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. கூட்டம் அப்படியே உருகிவிட்டது.

“திருந்திட்டான்பா” என்றார் ஊர்க்கவுண்டர். “எப்படிப் போனான், எப்படி வந்துக்கிறான் பாரு. தொழிலும் கத்துக்குடுத்து அனுப்பிக்கிறாங்க.”

“கத்துக்குடுத்தாங்களா? நல்லா ஒதச்சிருப்பாங்க. அதான் அடங்கிட்டான்” என்றார் பெரியப்பா.

உதைத்தா, கற்றுக்கொடுத்தா என்று இருவரும் சோறு ஆறுகிற வரைக்கும் வாதாடினார்கள். நான் கேட்ட முதல் பட்டிமன்றம் அதுதான். எதைப் பற்றி வாதமோ அந்த மனிதர் குந்தினபடியே இருந்தார். எழுந்திரு என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் நான்தான் போய்த் தோளைத் தொட்டேன்.

அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்தார். அம்மா புதுப்புடவை கட்டி, அடுப்படியையெல்லாம் மெழுகி வைத்திருந்தாள். அவர் நிலைப்படிக்கு வெளியே நின்றார். கதவு திறந்துதான் இருந்தது. “உள்ள வாங்க” என்று அம்மா சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைத்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அம்மா கேழ்வரகுக் களி கிண்டப் பின்பக்கம் போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“பாப்பா, நேரமாய்டுச்சி.”

எனக்கு மட்டும்தான் அது புரியும். அதில் எனக்கு எவ்வளவு பெருமை! கையைப் பிடித்துக் கொட்டாய்க்கு அழைத்துப்போய், கட்டையைச் செருகி, எண்ணச் சொல்லி, ஒகட்டி என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தேன். அம்மா இரண்டு தட்டில் களி போட்டு வைத்திருந்தாள்.

“எங்கடி உங்கப்பா?”

“கொட்டாயில. நான்தான் கட்ட போட்டுட்டு வந்தேன். தெனமும் நான்தான் போடுறேன், இல்லன்னா அவருக்குத் தூக்கம் வராது.”

அம்மா என்னை அடிப்பாள் என்று ஒரு நொடி நினைத்தேன். அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அந்தக் குளிரில் அவ்வளவு நேரம் என்ன செய்தாளோ, தனியாகத்தான் திரும்பி வந்தாள்.

“தொறந்து வுட்டுட்டு வந்துக்கிறேன். வர்றப்ப வரட்டும்” என்றாள். வீட்டுக் கதவையும் சாத்தவில்லை. பனி உள்ளே வந்தது. குளிருதும்மா என்று நான் முனகியதற்கு ஒரு கம்பளியை என்மேல் போட்டுவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நான் தூங்கிவிட்டேன்.

காலையில் அவள் அதே இடத்தில் சுவரில் சாய்ந்து கண் அயர்ந்திருந்தாள். ஒரு தட்டுக் களி உலர்ந்துபோயிருந்தது. நான் கொட்டாய்க்கு ஓடினேன். கட்டை தரையில் கிடந்தது, கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினேன். அப்பா சுருட்டி வைத்த பாயின் பக்கத்தில், புறப்படத் தயாராகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னா பாப்பா, இன்னிக்கி இவ்ளோ நேரம்?”

எனக்கு அம்மாமேல் பொல்லாத கோபம் வந்தது. எடுத்த கட்டையைத் திரும்பச் செருகிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? இரவெல்லாம் கதவு திறந்து கிடந்தது என்று தெரிந்தால் அப்பா எவ்வளவு பயந்துபோவார்! அவர் வெளியே வருவதற்குள், பார்த்துவிடக் கூடாதே என்று, கட்டையை அவசரமாக எடுத்துச் சுவரோரம் சாத்தி வைத்தேன். அம்மா அதை உருவியபோது வளையங்களில் இடித்த சத்தம் உள்ளே இருந்தவர் காதில் விழாமல் போயிருக்காது என்பது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.