சீனி போடாத தேநீர்

அசர்பைஜானுக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்தோம். அது எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, காஸ்பியன் கடலோரம், பழைய கோட்டை இருக்கிறது, சாப்பாடு நன்றாக இருக்குமாம் என்று ஒப்பித்தேன். உண்மை வேறு. என் மகள் கட்ட விரும்பிய பையன் அந்த நாட்டுக்காரன். இங்கே கனடாவில், மொன்றியலில் அவளோடு ஒரே கம்பனியில் வேலை செய்கிறான். அவன் வீட்டாரைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று மகளே எனக்கும் மனைவிக்கும் டிக்கெட் போட்டுத் தந்தாள். "பாப்பம்" என்றேன். எந்தச் சிக்கலிலும் என் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான்.

குறை கண்டுபிடிக்கும் எண்ணத்தோடுதான் போனேன், அதை ஏன் ஒளிக்க வேண்டும். அவர்கள் இடம் கொடுக்கவில்லை. பையனின் அப்பா ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். பாகு நகரத்துக் கோட்டைக்குள் சந்து சந்தாகக் கூட்டிப்போனார். மலையடிவாரத்தில் மண்ணுக்குள்ளிருந்து தானாக எரியும் நெருப்பைக் காட்டினார். பழைய நெருப்புக் கோயில் ஒன்றின் சுவரில் பிள்ளையாருக்கு வணக்கம் சொல்லி வடமொழியில் செதுக்கியிருந்தது. அங்கிருந்த ஆங்கிலப் பலகையில் அதைப் படித்ததும் என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டாள். அவரும் என்ன ஏதென்று கேட்காமல் தன் சப்பாத்தைக் கழற்றினார்.

வீட்டில் பையனின் அம்மா குங்குமப்பூச் சோறு வைத்திருந்தார். அடிச்சட்டியில் பொன்னிறமாகப் பிடித்திருந்ததை விருந்தாளிக்கென்று உடைத்து என் தட்டில் வைத்தார். நான் வெட்கமில்லாமல் இரண்டாம் தரமும் தட்டை நீட்டினேன்.

திரும்பி வந்ததும் மகள் எப்படி என்று கேட்டாள். சாப்பாடு திறம் என்றேன். அவள் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றாள். நான் பெட்டியைத் திறந்து உடுப்புகளை எடுக்கப் போய்விட்டேன். மனதுக்குள் எப்போதோ சம்மதித்தாகிவிட்டது. அதை வாய்விட்டு வேறு சொல்ல வேண்டுமா, அவளுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன்.

பத்து மாதம் கழித்து, மாசியில், பையனின் அப்பாவும் அம்மாவும் முறைப்படி பெண் கேட்க மொன்றியலுக்கு வந்தார்கள். ஞாயிறு மதியம் அவர்களை எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் பையன் கார் நிறுத்த இடம் தேடிப் போனான். முதல் நாள் பெய்த பனியை அன்று வாரிக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஒரு பக்கம் முழுக்கத் தடை. அவன்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளன். அவன் வரும்வரை சிரிப்பும் தலையாட்டலும்தான்.

மனைவி தேநீர் கொண்டுவந்தாள். பாகுவில் இருந்த நாலு நாளும் அவர்கள் தேநீரில் சீனி கலந்து நாங்கள் பார்த்ததில்லை. கட்டிச் சீனியையோ பழ ஜாமையோ வாயில் வைத்துக்கொண்டு வெறுந்தேநீரைக் குடிப்பார்கள். எனக்குச் சலரோகம் வந்தபிறகு எங்கள் வீட்டில் சீனி என்ற பேச்சே இல்லை. கடிக்கத்தான் பொரித்த ரோல்ஸ் இருக்கிறதே என்பது மனைவியின் கணக்கு.

பையனின் அப்பா ஒரு மிடறு குடித்தார். மேசையை ஒருமுறை பார்த்தார். கிளாஸை வைத்தவர் திரும்ப எடுக்கவில்லை. அம்மாவின் கண் கலங்கிவிட்டது. ரோல்ஸை இருவரும் தொடவேயில்லை. சாயம் கூடிப்போச்சோ என்று மனைவி என் காதில் கேட்டாள்.

பையன் உள்ளே வந்ததும் அப்பா தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டான். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக ஆங்கிலத்தில் விளக்கினான். அவர்கள் ஊரில் பெண் கேட்டுப் போனால் பதிலைப் பெண் வீட்டார் தேநீரில் சொல்வார்களாம். சீனியோடு வந்தால் சம்மதம். சீனி இல்லாமல் வந்தால் மன்னிக்கவும் என்று அர்த்தம். தனக்குக் கோபம் இல்லை, நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்று அப்பா சொல்லச் சொன்னாராம். அதற்குள் இருவரும் தங்கள் குளிர்க் கோட்டுகளை எடுக்க எழுந்துவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அறை வாசலில் நின்ற மகளைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. தவறுதலாக நடந்தது என்று அவள் நினைக்கவில்லை.

"விருப்பமில்லையெண்டால் எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே அப்பா" என்றாள்.

பத்து மாதமாக அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நானோ பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்று நிம்மதியாகச் சாப்பிட்டு நித்திரை கொண்டிருக்கிறேன். என்மீது எனக்கே ஆத்திரம் வந்தது.

"ஓம் பிள்ளை. எனக்கு முழு விருப்பம். அங்க போன ரெண்டாம் நாளே ஓம்" என்றேன். பையன் அதை மொழிபெயர்க்க வேண்டியே இருக்கவில்லை. மகள் விம்மி அழுத அழுகையில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. சீனி போடாததன் கதையை நான் சொல்ல, அவன் மொழிபெயர்த்து முடித்ததும் அவனுடைய அம்மா வந்து என் தோளில் ஓர் அடி போட்டுவிட்டு என் மனைவியைக் கட்டிக்கொண்டார். அப்பா மட்டும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, கோட்டோடு உட்கார்ந்து, கிளாஸை என் பக்கம் தள்ளினார். சீனி விழும்வரை சம்மதம் செல்லாதாம்.

வீட்டில் ஒரு கரண்டி சீனி இல்லை. தெருமூலையில் இருக்கும் தெப்பனர் கடைக்கு ஓடினேன். பனிக்கட்டியில் இரண்டு முறை வழுக்கியது. நெஞ்சு அவ்வளவு லேசாக இருந்தது; விழுந்திருந்தாலும் எழுந்து ஓடியிருப்பேன். கல்லாவில் இருந்த கடைக்காரப் பெண்மணி என் காலைப் பார்த்துத் திகைத்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன், வீட்டுச் செருப்போடு வந்திருக்கிறேன். வீட்டில் யாருக்காவது ஏதாவதா என்று பிரெஞ்சில் கேட்டார்.

என் மகளுக்குக் கலியாணம் என்று எனக்குத் தெரிந்த உடைந்த பிரெஞ்சில் சொன்னேன். அதுவரை நான் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அவருக்கு விளங்கிவிட்டது, வாழ்த்தும் சொல்லிவிட்டார். சீனிப் பையோடு வாசல்வரை போனவன் திரும்பி நின்று, இன்னொரு தரமும் சொன்னேன்.