துருவத்துப் பூவும் என் இரண்டு கோப்புகளும்

எழுபதுகளின் நடுவில் மெல்பர்னில், ஒரு தாவரக் காப்பகத்தில், உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டும் வேலை கிடைத்தது. அதற்கு முன் சிட்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் பாத்திரம் கழுவினேன், வெளியூரில் பழம் பறித்தேன், சில வாரம் ரயில் நிலையத்தில் படுத்தேன். பசை பூச எட்டாம் வகுப்பு போதும்.

ஒருநாள் வட துருவத்துச் செடி ஒன்று வந்தது. யூகலிப்டஸ் இலைகளை அனுப்பி மாற்றாக வாங்கியது. கட்டைவிரல் அளவுதான், பனி உருகியதும் கல்லிடுக்கில் ஊதாவாகப் பூக்குமாம். என் கைக்கு வந்தபோது தேயிலைச் சக்கை நிறம். பழைய தாள் நைந்திருந்ததால் புதிய தாளுக்கு மாற்ற வேண்டும்.

"சாக்சிஃப்ராகா ஒப்போசிடிஃபோலியா," என்றார் எனக்கு மேலே இருந்த தாவரவியல் அம்மாள். "முதல் சொல் பேரினத்துக்குப் பொது. அடுத்ததுதான் இந்தச் செடியைக் குறிக்கும்."

"எங்களுக்கும் அப்படித்தான். முன்னால் அப்பா பெயர், பிறகு என் பெயர்."

"அப்படியானால் இத்தனை மாதமாக உன் அப்பாவையா கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்?"

சிரித்துவிட்டு, பாஸ்போர்ட்டைக் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் மனமில்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிரந்தரமாகத் தங்க விண்ணப்பம் போட்டிருந்தேன். குடிவரவு அலுவலகத்தில், சிட்னியில் என் பெயரில் பதிந்திருந்தார்கள், இங்கே அப்பா பெயரில்; பார்ப்பவர்களுக்கு இரண்டு ஆளாகத் தெரியும்.

நான் தங்கியிருந்த அறையில் உடனிருந்த யாழ்ப்பாணத்துக்காரன் வேறு பயமுறுத்தினான். "கவனம் மச்சான். பூவுக்கே பேர் தேடிப் பிடிக்கிற மனிசி, உன்னை விடுவாவோ?"

மறு வாரமே குடிவரவு அதிகாரி வந்து நின்றார். கையில் இரண்டு கோப்புகள். இரண்டிலும் என் படம்.

"இதில் நீ யார்? மற்றவன் எங்கே?"

அம்மாள் நான் ஒட்டிய தாளை எடுத்துவந்து அவர் முன் வைத்தார். செடிக்குக் கீழே வரிசையாகச் சீட்டுகள். "ஒவ்வொருவரும் ஒவ்வொரு காலத்தில் வைத்த பெயர்கள். பழைய சீட்டைக் கிழிக்க மாட்டோம், புதியதைப் பக்கத்தில் ஒட்டுவோம். செடி ஒன்றுதான்."

"செடி கப்பலிலிருந்து குதித்து, பெயரை மாற்றிக்கொண்டு ஓடாது, மேடம்."

"இவனும் ஓடவில்லை. அப்பா பெயரை முன்னால் எழுதுவது இவர்கள் வழக்கம். நாம்தான் ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்டோம்."

அதிகாரி பாஸ்போர்ட்டை வெகுநேரம் புரட்டினார். பிறகு இரண்டு கோப்புகளையும் ஒரே நாடாவால் கட்டினார்.

அவர் போனதும் அம்மாளிடம் கேட்டேன், "யார் அவருக்குச் சொன்னது?"

"நான்தான் போன் செய்து வரச் சொன்னேன். நீ தனியாக அவர்கள் அலுவலகத்தில் போய் மாட்டியிருந்தால் இந்தத் தாளை யார் எடுத்துக் காட்டியிருப்பார்கள்?"

நன்றி சொன்னேன். ஆனாலும் அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை, அம்மாள் தொலைபேசியை எடுக்கும்போதெல்லாம் தூரிகையை நிறுத்திவிட்டு ஒட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.