மூலைப் பிள்ளையார் வரைக்கும்

போன பங்குனி உற்சவத்தில் சாமி தூக்கியபோது, முதல் வீதி முடிவதற்குள்ளேயே எனக்கு மூச்சு முட்டிவிட்டது. சாமியைச் சுமக்கும் தண்டிலிருந்து நான் விலக, இன்னொருவர் புகுந்து தோள் கொடுத்தார். இது யாருக்கும் நடப்பதுதான். ஆனால் எங்கள் தெருவில் சாமி தூக்க ஆட்களைச் சேர்க்கிறவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், மறுநாள் வீட்டுக்கே வந்து பணிவாக ஒன்று சொன்னார்.

"அண்ணே, அடுத்த தபா நீங்க தீவட்டி புடிச்சிக்கினு முன்னாடி வாங்கண்ணே. அதுவும் சாமி வேலதானே."

சாமி வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தத் தண்டின் கீழே என் தோளுக்கென்று ஓர் இடம் இருந்தது. அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அடுத்த பங்குனிக்குள் சாமி சுற்றுகிற நான்கு வீதியையும் ஓடியே சுற்றிவிடுவது என்று முடிவு கட்டி, ஒரு ஜோடி ஷூ வாங்கினேன்.

ஓட ஆரம்பித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாள் முழுக்கத் தறிக்குழியில் உட்கார்ந்து மிதியை மாற்றி மாற்றி மிதிக்கிற கால் இது. சாயங்காலம் எழுந்தால் சோர்வே தெரியாது. அதே கால் தெருவில் நூறடி ஓடினால் ஏன் யாரோ ஒருவருடைய கால் மாதிரி ஆகிவிடுகிறது? வழியில் இன்னும் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. நடக்கிறவனைத் திரும்பிக்கூடப் பார்க்காத நாய், ஓடுகிறவனை மட்டும் துரத்துகிறது. விடியற்காலையில் தெரு நீளத்துக்குத் தறிக்கான பாவு நூலை நீட்டியிருப்பவர்கள், நடந்து போனால் சும்மா இருக்கிறார்கள், ஓடி வந்தால் இழை அறுந்துவிடுமோ என்று பதறுகிறார்கள். எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது.

ஒரு மாதத்திலேயே நான்கு வீதியையும் சுற்றி வந்துவிட்டேன். எனக்கே நம்ப முடியவில்லை. வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை பூ வாங்கப் போன மனைவி, ஸ்கூட்டியை மெதுவாக ஓட்டியபடி என் பின்னாலேயே வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

எங்கள் ஊரில் நாலடி வைத்தால் ஒரு கோயில். எந்தச் சன்னதியையும் கும்பிடாமல் தாண்டிப் பழக்கமில்லை. ஷூவோடு கும்பிடவும் மனசு வராது. அதனால் கோபுரம் வந்தால் நிற்பேன், முடிச்சை அவிழ்ப்பேன், ஷூவைக் கழற்றுவேன், கும்பிடுவேன், மறுபடி மாட்டிக்கொண்டு ஓடுவேன். வேப்பமரத்து அம்மனுக்கும் அப்படியே. வடக்கு வீதி முடிகிற மூலையில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். அங்கே தோப்புக்கரணமும் உண்டு. அன்றைக்கு அவர் முன்னால் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது.

"ஏங்க, சாமி கும்புட நின்னுக்கினு இருக்கீங்களா, மூச்சு வாங்க நின்னுக்கினு இருக்கீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பக்தியைக் கிண்டல் செய்கிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டே வீடு வந்தேன். ஆனால் கேள்வி விடவில்லை. தறியில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். முதல் கோபுரத்தில் சும்மா ஒரு கும்பிடு. அம்மனிடம் கொஞ்சம் நீளம். மூலைப் பிள்ளையாரிடம் குடும்பத்தில் ஒவ்வொருவருக்காகவும் தனித்தனியாக வேண்டுதல். மூச்சு குறையக் குறைய என் பக்தி ஏறியிருக்கிறது. நினைத்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நிற்காமல் எவ்வளவு தூரம் போக முடியும் என்று இப்போது நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மறுநாள் முதல் கோபுரத்தை நிற்காமல் தாண்டினேன். ஓடிக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாமிக் குத்தம் ஆகிவிடுமோ, நெஞ்சு வெடித்துவிடுமோ என்று இரண்டு பயமும் சேர்ந்தே வந்தன. அம்மன் கோயிலுக்கு முன்பே கால் ஓய்ந்துவிட்டது. என் உண்மையான தூரம் அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் சாமி தூக்குகிறவர்களின் நடை ஞாபகம் வந்தது. தண்டின் கீழே யாரும் எட்டி வைப்பதில்லை. சின்னச் சின்ன அடிதான், எல்லோருக்கும் ஒரே சீர். நானோ இத்தனை நாளும் ஒரு சன்னதியிலிருந்து அடுத்ததற்குத் தலைதெறிக்கப் பாய்ந்துகொண்டிருந்தேன். அந்தச் சின்ன அடியை ஓட்டத்தில் வைத்துப் பார்த்தேன். வழியில் போன பால்காரர் நான் ஓடுகிறேனா நடக்கிறேனா என்று கேட்டார். கேட்டால் கேட்கட்டும், அம்மன் கோயிலைத் தாண்டிவிட்டேன்.

நான்கு வீதி என்கிற ஆசையை அன்றோடு மூட்டை கட்டினேன். வடக்கு வீதி மட்டும். அதன் தொடக்கத்திலிருந்து மூலைப் பிள்ளையார் வரைக்கும் நிற்காமல் ஓட வேண்டும். அதற்கே தை மாதம் ஆகிவிட்டது. ஓடி முடித்த அன்று நேராக ஆள் சேர்க்கிறவர் வீட்டுக்குப் போய், தண்டில் எனக்கு வடக்கு வீதி மட்டும் போதும் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு வீதின்னா சரிண்ணே. முடியலன்னா கை காட்டுங்க, ஆள் மாத்திக்கலாம்."

இந்தப் பங்குனியில் வடக்கு வீதி தொடங்குகிற இடத்தில் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு தண்டுக்கு அடியில் போனேன். பழைய கனம்தான், கொஞ்சமும் குறையவில்லை. சின்ன அடி, சின்ன அடி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். ஆள் சேர்க்கிறவர் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தார், என் கையைத்தான் பார்த்துக்கொண்டு. நான் கை காட்டவில்லை.

மூலையில் சாமி நின்றது. கற்பூரம் காட்டினார்கள். அடுத்த வீதிக்கும் வருகிறீர்களா என்று அவரே கேட்டார். ஆசையாகத்தான் இருந்தது. சொன்னது ஒரு வீதி என்று சொல்லிவிட்டு இடத்தைக் கொடுத்தேன்.

சாமி திரும்பி நகர்ந்த பிறகு பிள்ளையாரைப் பார்த்துக் கைகூப்பினேன். மூச்சுக்காக நிற்காமல், அவருக்காகவே நின்றேன். என்ன வேண்டிக்கொள்வதென்றே தெரியவில்லை.