இறுப்பிட்டியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

பவதாரணியை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை நீங்கள் நம்பலாம்.

அவள் பக்கத்து ஊரான சுருவில்காரி. நானும் அவளும் வேலணையில் ஒரு ஸ்டூடியோவில் பத்து வருடமாக ஒரே மேசையில் இருந்து வீடியோ வெட்டி ஒட்டுகிறோம். அடுத்தவர் வீட்டுத் தாலிகட்டு, அடுத்தவர் வீட்டுச் சாமத்தியச் சடங்கு, அடுத்தவர் வீட்டு அந்தியேட்டிக் கிரியை. மாப்பிள்ளை கொட்டாவி விடுவதைத் தூக்கிவிட்டு, மாமியார் எங்கேயாவது சிரித்திருந்தால் தேடிப் பிடித்துப் போடுவோம். இந்த வேலையில் அவள் கெட்டிக்காரி என்பார்கள். நான் அவளுக்கு எந்த விதத்திலும் குறைந்தவள் இல்லை.

போன வருடம் கனடாவில் இருக்கும் ஊர்ச் சங்கம் ஒன்று குறும்படப் போட்டி வைத்தது. எங்கள் ஸ்டூடியோ சார்பில் ரஜீபன் இயக்குவதாக இருந்தது. படப்பிடிப்புக்கு நாலு நாள் இருக்க அவருக்குப் பிரான்ஸ் விசா வந்துவிட்டது. மனிதர் கதையையும் கமராவையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பறந்துவிட்டார். முதலாளி தயாபரன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமினேன். அவர், "பவதாரணி, நீர் செய்யும்" என்றார். எனக்குக் கிளாப் பலகை கிடைத்தது.

கதை சின்னது. ஒரு வயதானவர் நயினாதீவு அம்மனைக் கும்பிட்டுவிட்டு வள்ளத்தில் திரும்பி வருகிறார். குறிகட்டுவான் இறங்குதுறையில் அவருடைய மரண அறிவித்தலே ஒட்டியிருக்கிறது. அதை நின்று வாசிக்கிறார். அந்த முகம்தான் படம். அது வராவிட்டால் படம் இல்லை.

நடிக்க வந்தவர் சரவணமுத்து ஐயா. கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்து இளைப்பாறியவர், இறுப்பிட்டியில் தனிய இருக்கிறார். மனைவி இல்லை, பிள்ளைகள் வெளியில். இளவயதில் மேடையில் ராசா வேசம் கட்டியவர். அதுதான் வினையாகப் போனது. அறிவித்தலைப் பார்த்ததும் நெஞ்சை நிமிர்த்தி, எதிரியின் ஓலையை வாசிக்கும் அரசனாக நின்றார். "அப்படி வேண்டாம் ஐயா" என்று பவதாரணி சொன்னதும் மறுபக்கம் சாய்ந்தார். மின்வெட்டு அறிவித்தலை வாசிக்கிற மாதிரி வாசித்துவிட்டுப் போனார். இரண்டு நாளில் பதினேழு தடவை எடுத்தோம். பதினேழுக்கும் பலகை அடித்தவள் நான்.

கமராக்காரன் நிசாந்தன் அவளை மனிதராகவே மதிக்கவில்லை. கமராவை இடப்பக்கம் வை என்றால் வெயில் என்பான், வலப்பக்கம் என்றால் காற்று என்பான். ஒருமுறை எல்லோருக்கும் முன்னால், "தங்கச்சி, நாங்கள் எடுத்துத் தந்ததைத்தானே நீர் இவ்வளவு நாளும் வெட்டினனீர்?" என்று கேட்டான். வள்ளத்துக்கு நிற்கும் சனம் வழியை விடு என்று திட்டியது. வெயில் மண்டையைப் பிளந்தது. பவதாரணி அடுத்த தடவைக்கு அறிவித்தலை நேராக்கினாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது. ஏன் மறைக்கவேண்டும்?

இரண்டாம் நாள் பின்னேரம் அவள் என்னிடம் வந்தாள். அறிவித்தலில் நாங்கள் கற்பனையாக ஒரு பெயர் போட்டிருந்தோம். அதை எடுத்துவிட்டு ஐயாவின் சொந்தப் பெயரைப் போட்டு அடித்துத் தரச் சொன்னாள். தன் பெயரைத் தானே கண்டால் முகம் மாறும் என்பது அவள் கணக்கு. அறிவித்தலில் இருந்த புகைப்படம் ஏற்கெனவே அவருடையதுதான். நான் கணினியில் இருந்து, "இறுப்பிட்டியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட சரவணமுத்து அவர்கள் நேற்றிரவு இறைவனடி சேர்ந்தார்" என்று வடிவாக அடித்தேன். இந்தத் தீவில் அப்படி ஒன்றை வெளியே ஒட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் பெயர் கெடட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் விடிய ஏழு மணிக்கு ஒட்டினோம். பவதாரணி எல்லோருடைய போனையும் நிற்பாட்டி என் பையில் போடச் சொன்னாள். அவள் போட்ட கட்டளையில் எதிர்ப்பேச்சில்லாமல் நடந்தது அது ஒன்றுதான். ஐயா வந்தார், நான் பலகை அடிக்க முதலே தன் பெயரைக் கண்டார், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "என்ர பேரை நல்ல வடிவா அடிச்சிருக்கிறியள் பிள்ளையள்" என்றார். நிசாந்தன் கமராவுக்குப் பின்னால் நின்று கையைத் தட்டினான். பவதாரணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் நயினாதீவுக்குப் போகும் வரிசையில் யாரோ அறிவித்தலைப் படம் பிடித்திருக்கிறார்கள். எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுவுக்குக் காத்து வேண்டாம், கடல் வேண்டாம். அரை மணித்தியாலத்தில் கனடாவில், ஸ்காபரோவில் ஒப்பாரி.

ஐயாவின் தம்பி தியாகலிங்கமும் இறுப்பிட்டிதான். எல்லை வேலியில் நட்ட ஒரு கதியாலுக்காக அண்ணனும் தம்பியும் எட்டு வருடம் கதைக்காமல் இருந்தவர்கள். அந்த மாதம்தான் ராசியாகியிருந்தார்கள். அன்றைக்குப் பிள்ளையார் கோயிலில் ஐந்தாம் திருவிழா, அவர்கள் குடும்பம் செலவேற்றுச் செய்யும் திருவிழா. பகல் பூசையைத் தம்பி பார்ப்பது, இரவுச் சுவாமி புறப்பாட்டுக்கு அண்ணனும் பக்கத்தில் வந்து நிற்பது என்று பேச்சு. மூன்று மணிக்குத் தன்னை விட்டுவிட வேண்டும் என்று ஐயா பவதாரணியிடம் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். புது வேட்டிகூட எடுத்து வைத்திருந்தார்.

தியாகலிங்கம் கோயிலில் தர்ப்பை போட்டு நிற்கையில் செய்தி போயிருக்கிறது. அண்ணனுக்கு அடித்துப் பார்த்திருக்கிறார். போன் என் பையில் செத்துக் கிடந்தது. ஆள் விட்டுப் பார்த்தால் வீடு பூட்டு. கூடப்பிறந்தவன் போனால் துடக்கு, சாவுத் தீட்டு. துடக்கோடு கோயிலுக்குள் நிற்க ஏலாது. தர்ப்பையைக் கழற்றி இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கி, கேணியில் தலைமுழுகிவிட்டு, அறிவித்தல் ஒட்டிய இடத்தில் விசாரிக்கலாம் என்று ஓட்டோ பிடித்து வந்திருக்கிறார்.

நாங்கள் பதினெட்டாம் தடவைக்கு ஆயத்தம். நான் பலகை அடித்தாயிற்று. கமரா ஓடிக்கொண்டிருந்தது. ஐயா தேத்தண்ணியில் தொட்ட பணிஸ் ரொட்டியை அவசரமாக விழுங்கிவிட்டு அறிவித்தலுக்கு முன்னால் வந்து நின்றார். ஓட்டோ வந்து நின்றது. ஈர வேட்டியோடு தியாகலிங்கம் இறங்கினார். தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. அண்ணனைப் பார்த்தார். கமராவைப் பார்த்தார். எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார்.

"தம்பி, இது படமடா. நான் உயிரோடதான் இருக்கிறன்" என்றார் ஐயா. சிரிக்கவும் பார்த்தார்.

தியாகலிங்கம் சத்தம் போடவில்லை. "எங்கட அப்பு செய்த திருவிழா. தர்ப்பையைக் கழட்டிக் குடுத்திட்டு, கேணியில நிண்டு அழுது குழறி முழுகினனான்" என்றார்.

"நான் வந்து ஐயரோட கதைக்கிறன். வா போவம்."

"நீ வரவேண்டாம். முழுகினது முழுகினதுதான்."

எங்களிடத்தில் இரண்டு காரியத்துக்குத் தலைமுழுகுவோம். செத்தவருக்காக முழுகுவது ஒன்று. உயிரோடிருப்பவரின் உறவே வேண்டாம் என்று முழுகுவது மற்றது. அவர் எதைச் சொன்னார் என்று ஐயாவுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தம்பி ஓட்டோவில் ஏறினார். ஐயா திரும்பினார். அறிவித்தலில் இருந்த தன் பெயரைப் பார்த்தார்.

அந்த முகத்தை நான் எழுதப் போவதில்லை. பதினேழு தடவை நாங்கள் கேட்டது அதைத்தான், அவ்வளவுதான் சொல்வேன். கமராவின் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. நிசாந்தன் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. இன்னும் ஒரு பத்து விநாடி, அவர் வாசித்து முடிக்கட்டும் என்று என் மனம் அடித்துக்கொண்டது.

"கட்" என்றாள் பவதாரணி.

நிசாந்தன் அசையவில்லை. அவள் போய் லென்சின் முன்னால் நின்றாள். "கட் எண்டால் கட். எடுத்ததை அழியும்." மூன்று நாளில் முதல்முறையாக அவன் கமராவில் அவள் சொன்னதைச் செய்தான். என் கண்ணுக்கு முன்னாலேயே அழித்தான். பிறகு அவள் அறிவித்தலை நகத்தால் சுரண்டிக் கிழித்தாள். பசை காய்ந்திருந்தது. பாதிதான் வந்தது, மிச்சத்தைத் தண்ணீர் ஊற்றி உரசினாள். ஐயா கதிரையில் இருந்தார். அவள் அவர் காலடியில் குந்தி, பெயரை மாற்றியது தான்தான், பிழை தன்னுடையது என்றாள். அவர் அவளைத் திட்டினார். தாயில்லாமல் வளர்ந்தவளோ என்று கேட்டார். இன்னும் என்னென்னவோ கேட்டார். எல்லாவற்றுக்கும் "ஓம் ஐயா" என்றாள். அடித்துக் கொடுத்தது நான் என்று அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே தியாகலிங்கத்தின் வீட்டுக்குப் போனாள். வாசல் படலை திறக்கவில்லை. அடுத்தடுத்த நாளும் போனாள். தீவு முழுக்க அவளுக்குப் பெயர் வைத்தது. "உயிரோட இருக்கிறவனுக்கு நோட்டீஸ் ஒட்டினவள்" என்று சந்தையில் கையைக் காட்டினார்கள். அண்ணனும் தம்பியும் இன்றுவரை கதைக்கவில்லை.

படத்தை ஒருவாறு முடித்தோம். ஒரு கிழமை கழித்து ஐயா தானாக வந்தார், முகத்தை மட்டும் கேட்கக்கூடாது என்றார். பின்பக்கமிருந்து எடுத்தோம். போட்டியில் ஒன்றும் கிடைக்கவில்லை. வயதானவரின் முகத்தை ஏன் காட்டவில்லை, இது புது இயக்குநரின் பலவீனம் என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். நிசாந்தன் அதை ஸ்டூடியோவில் உரத்து வாசித்தான். வாசித்துவிட்டு, "தங்கத்தை அழிக்கச் சொன்னனீர். ஏன்?" என்று கேட்டான்.

"அவர் அதை எங்களுக்காகச் செய்யேல்லை" என்றுவிட்டு அவள் யாரோ ஒருவரின் தாலிகட்டை வெட்டப் போய்விட்டாள்.

தயாபரன் அன்று என்னை இயக்கச் சொல்லியிருந்தால் நான் கட் சொல்லியிருக்க மாட்டேன். பத்து விநாடி அல்ல, ஐயா விழுந்து அழும்வரை விட்டிருப்பேன். அந்த முகம் கனடாவில் ஒரு மண்டபத்தில் பெரிதாக ஓடியிருக்கும். சனம் கைதட்டியிருக்கும். நான் எழும்பி நின்று கும்பிட்டிருப்பேன்.