அண்ணன் பீரோவில் என் துப்பாக்கிக் கடை

அண்ணன் மறைந்து பதினாறு நாட்கள் ஆகின்றன. இந்த நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அண்ணன் மகன் என்னைக் கேட்டுக்கொண்டான். அவன் டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. "சித்தப்பா, அப்பாவைப் பத்தி நல்லா நாலு வார்த்தை, ஜல்தி வேணும், பிரஸ்காரர் போன் பண்றார்" என்றான். நாலு வார்த்தையில் அடங்குகிற மனிதரா அண்ணன்? அதனால் முறைப்படி பிறந்த ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையை ஒட்டிய சிற்றூரில் அண்ணன் பிறந்தார். வீட்டில் நாங்கள் இரண்டே பிள்ளைகள். அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். படிப்பில் சூரர். பட்டம் வாங்கியதும் மத்திய அரசு இன்ஸ்பெக்டர் வேலைக்கு விண்ணப்பித்தார். தேர்வு மதுரையில். அன்று காலையில் நுழைவுச்சீட்டு காணாமல் போயிற்று. வீட்டையே புரட்டிப் போட்டோம். கிடைக்கவில்லை. மதுரை பஸ் போய்விட்டது. அடுத்த ஆண்டு குமாஸ்தாவாகத்தான் அண்ணன் டில்லிக்கு ரயிலேற முடிந்தது. அவர் வாழ்க்கையின் முதல் கஷ்டம் என்று உறவினர்கள் இதைத்தான் சொல்வார்கள்.

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் அண்ணியோடு குடித்தனம் தொடங்கி, செக்ஷன் ஆபீசராக ஓய்வு பெற்று, மயூர் விஹாரில் சொந்த ஃபிளாட்டுக்கு வந்தார். அண்ணனைப் போல் அரசாங்க விதிமுறை தெரிந்தவர் கிடையாது. எங்கள் குடும்பத்தில் யாரும் அரசாங்கக் காகிதத்தில் தாமாகக் கை வைத்ததில்லை. பாஸ்போர்ட்டா, பென்ஷனா, பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமா, எல்லாம் அண்ணன் கைக்குப் போய்த்தான் ஆபீசுக்குப் போகும். அண்ணன் பென்சிலில் திருத்துவார், நாங்கள் பேனாவால் எழுதுவோம். அவரைத் தாண்டி ஒரு மனுவை நீட்டினால் அது அவரை அவமதிப்பதாகும் என்று எல்லாருமே நினைத்தோம்.

நான் பட்டாளத்தில் ஆர்மரர். படைப்பிரிவின் துப்பாக்கிகளைப் பிரித்துப் பழுதுபார்த்துப் பூட்டிக் கொடுக்கிற வேலை. ஓய்வு பெற்று வந்து, டில்லியில் ஒரு வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு காவலுக்கு நின்றேன். அந்தத் துப்பாக்கியின் குதிரை இழுக்கும்போதெல்லாம் சிக்கும். பத்து நிமிட வேலை. ஆனால் உரிமம் இல்லாமல் நான் அதைத் தொட்டால் கைதுதான். ஆயுதம் பழுதுபார்க்கும் கடை வைக்க வேண்டும் என்ற ஆசை அந்த வாசலில் நின்றுதான் வந்தது. என் கை அறிந்த வேலை அது ஒன்றுதான்.

அண்ணனிடம் போனேன். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏல, நீ படிவத்துல கை வைக்காத. ஆயுத லைசென்ஸ்னா விளையாட்டா? ஒரு புள்ளி தப்புனா ஆயுசுக்கும் ரிஜெக்ட். நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

உரிமத்துக்கு என்னென்ன வேண்டும் என்று அன்றே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். வயதுக்கும் முகவரிக்கும் சான்று. வழக்கு ஏதும் இல்லை என்பதற்குப் போலீஸ் விசாரணை. உடலும் மனமும் சரியாக இருப்பதாக டாக்டர் சான்றிதழ். வேலை பழகியதற்கு அத்தாட்சி. வியாபாரப் பகுதியில் கடை, அதன் பத்திரம், வரைபடம். ஆயுதங்களைப் பூட்டி வைக்கக் கெட்டிச் சுவரும் இரும்புக் கதவும் இரட்டைப் பூட்டும் கொண்ட அறை. தீயணைப்புத் துறையின் கடிதம். வந்த துப்பாக்கி யாருடையது, எப்போது திரும்பிப் போனது என்று எழுதும் பதிவேடு. நாலு மாதத்தில் முடித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. எட்டு வருடம் ஆயிற்று.

என் பட்டாளத்துப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இதுல ஆர்மரர்னுதான இருக்கு. பழுதுபாத்தான்னு எங்க எழுதிருக்கு?" என்றார். ரெக்கார்ட் ஆபீசுக்கு ரயிலேறிப் போய், பழுதுபார்த்தான் என்று எழுதி வாங்கி வந்தேன். யமுனைக்கு இந்தப் பக்கம் ஒரு மார்க்கெட்டில் கடை பிடித்தேன். வரைபடத்தில் கதவு உள்பக்கம் திறக்கிறது என்றார். வெளிப்பக்கமாக வரைந்து வந்தால், சுவர் ஒற்றைச் செங்கல் என்றார். சுவரை இடித்துக் கட்டினேன். அதற்குள் டாக்டர் சான்றிதழ் காலாவதி. அதைப் புதுப்பித்தால் தீயணைப்புக் கடிதம் காலாவதி. ஒருமுறை என் புகைப்படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இதுல மீசை கறுப்பா இருக்கு. ஆளு நரைச்சுப் போயில்லா இருக்க? வேற எடுத்துட்டு வா" என்றார். அந்த மீசை நரைத்ததே அவர் சாப்பாட்டு மேசையில்தான்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போவேன். அண்ணி தோசை வார்ப்பார். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு குறை சொல்வார். இரண்டு குறை ஒருநாளும் சொன்னதில்லை. நானே ஆபீசுக்குப் போய்க் கேட்கட்டுமா என்றால், "போனா கேஸ் கெட்டுரும். எல்லாம் உள்ள குடுத்தாச்சு, பழைய ஆளுகளை வச்சு நகத்திக்கிட்டிருக்கேன்" என்பார். எவ்வளவு பெரிய மடையன் நான்! உள்ளே கொடுத்த காகிதத்தில் வாராவாரம் எப்படிக் குறை கண்டுபிடிக்கிறார் என்று ஒருநாள்கூட யோசிக்கவில்லை.

சென்ற ஆண்டு அண்ணன் சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் விழுந்தார். அண்ணி மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலைப்பொழுதில், பென்ஷன் புத்தகத்தை எடுத்துத் தரச் சொன்னார். இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் கை விட்டேன். பச்சை நாடா கட்டிய ஒரு கட்டு வந்தது. மேலே என் முகம், கறுப்பு மீசையோடு. அடியில் என் படிவம், என் வரைபடங்கள், நான் அலைந்து வாங்கிய அத்தனை அசல் காகிதங்களும். ஒன்றும் எந்த ஆபீசுக்கும் போகவில்லை. எட்டு வருடம் என் கடை அண்ணனின் வேட்டிகளுக்கு அடியில் படுத்திருந்தது.

நாடாவை அவிழ்க்காமல் கட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். பென்ஷன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை.

"அண்ணே, நம்ம ஃபைல் இப்ப யாரு மேசையில இருக்கு?" என்று கேட்டேன்.

"அண்டர் செக்ரட்டரி மேசையில. பெரிய ஆளு" என்றார் கண்ணை மூடியபடி.

அன்றிலிருந்து தினமும் போனேன். போர்வையைச் சரிசெய்வேன், கஞ்சி கொடுப்பேன், பிறகு கேட்பேன். உறவினர்கள் என்னைப் பார்த்து இப்படி ஒரு தம்பியா என்று நெகிழ்ந்தார்கள். எனக்குப் பொய் கேட்கத்தான் ஆசை. ஃபைல் டெபுடி செக்ரட்டரியிடம் போயிற்று, ஜாயிண்ட் செக்ரட்டரியிடம் போயிற்று. அண்ணனுக்கே உத்தியோகத்தில் இவ்வளவு வேகமாக உயர்வு கிடைத்ததில்லை. ஒவ்வொரு பொய்க்கும் அவர் மூச்சு கூடுதலாக இரைத்தது. நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருந்தது. இதை மறைக்க எனக்கு மனமில்லை.

கடைசிக்கு முந்தின நாள் அவருக்குப் பேச்சு குழறியது. குனிந்து காதருகே கேட்டேன். என்னை நெடுநேரம் பார்த்தார்.

"கேக்காதல" என்றார்.

"எந்த மேசைன்னுதான கேட்டேன், அண்ணே."

கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் அண்ணி கையால் இரண்டு கரண்டி பால் குடித்துவிட்டுக் காலமானார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அந்த 'கேக்காதல'தான்.

இறப்புச் சான்றிதழுக்கான காகிதம் எடுக்கப் பீரோவைத் திறந்தபோது கட்டு மேல்தட்டில் இருந்தது. "போன வாரம் எடுத்துத் தரச் சொன்னாக. தலகாணியில சாஞ்சு என்னமோ எழுதினாக" என்றார் அண்ணி. நாடாவை அவிழ்த்தேன். காகிதங்களுக்கு அடியில் ஆபீசில் வைப்பது போலவே ஒரு குறிப்புத் தாள். வீட்டு விஷயம் என்பதால் தமிழில் எழுதியிருந்தார். எட்டு வருடத்துக்கு முன்னால் எழுதிய முதல் குறிப்பு இது:

"மனுதாரர் என் தம்பி. என் நுழைவுச்சீட்டை அரிசி டின்னுக்குள் புதைத்தவர். பிறகு ஒன்றும் அறியாதவர் போல என்னோடு சேர்ந்து வீடு முழுக்கத் தேடியவர். முகத்தில் காட்டாமல் பகை வைத்திருப்பவரிடம் ஆயுதக் கடையை ஒப்படைப்பது தகாது."

ஆமாம், நான்தான் புதைத்தேன். எட்டாம் வகுப்பில் நான் பெயிலானதை அண்ணன் மார்க்குப் பட்டியலோடு அப்பாவிடம் காட்டிக்கொடுத்தார். அப்பா என்னை வார் பெல்ட்டால் அடித்தார். நான் அழவில்லை. நாலு மாதம் காத்திருந்தேன். இது யாருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

கடைசிக் குறிப்பு நடுங்கிய எழுத்தில் இருந்தது:

"மனுதாரர் ஃபைலைப் பார்த்துவிட்டார் என்று தெரிகிறது. தெரிந்தும் தினமும் கேட்கிறார். முதல் குறிப்பு உறுதியாகிறது. நிராகரிக்கலாம். மனுதாரர் விளக்கம் தர விரும்பினால் எழுத்தில் தரலாம்."

கீழே கையெழுத்து. அந்தக் கட்டு முழுவதிலும் அண்ணன் போட்ட ஒரே கையெழுத்து அது.

விஷயத்தைக் கேட்ட அண்ணன் மகன், "அரே சித்தப்பா, இதெல்லாம் இப்போ ஆன்லைன்ல பண்ணலாமே. வாங்க, இப்பவே போட்டுடலாம்" என்று போனை எடுத்தான். நல்ல பிள்ளை. என் வலது கையை நீட்டிக் காட்டினேன். ஒரு வருடமாக நடுக்கம். இந்தக் கைக்கு எந்த டாக்டரும் இனிச் சான்றிதழ் தரமாட்டார். கடைச் சாவியை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டேன்.

இனி நன்றி. அண்ணனைக் கடைசி இரண்டு மாதம் வீட்டுக்கே வந்து கவனித்த டாக்டருக்கும் நர்ஸுக்கும், துக்க வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் ரொட்டியும் தாலும் கொடுத்தனுப்பிய மேல்மாடிப் பஞ்சாபி அம்மாளுக்கும், யமுனைக் கரை வரை கூட வந்த ஃபிளாட் சொஸைட்டி அன்பர்களுக்கும், ஊரிலிருந்து ரயிலேறி வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன். கிழித்துப் போடுவார் என்று எதிர்பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நீங்க பட்டாளத்து லீவுல வந்த காலத்துலருந்து நாப்பது வருசமா ஒரே அடுப்புல ரெண்டு பேருக்கும் தோசை வாத்துப் போட்டிருக்கேன். ஒருத்தர் முகத்துலயும் ஒண்ணும் தெரியலையே. ஒரு வரி எடுக்காதீக, எல்லாரும் படிக்கட்டும்" என்றார். அண்ணிக்கும் நன்றி.

அண்ணனுக்கு: எழுத்தில் கேட்டிருந்தீர்கள். இதுதான் மனுதாரரின் விளக்கம். முதல் குறிப்பும் கடைசிக் குறிப்பும் சரியே. மறுப்பு ஏதும் இல்லை.

இப்படிக்கு,
தம்பி