எங்கள் கிணற்றடிக்கு வழி எழுதிய நொத்தாரிசு

கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றபோதுதான் சாவுச் சங்கதி வந்தது. பக்கத்து வீட்டு மணியம் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, “அக்கா, நொத்தாரிசு ஐயா மோசம் போயிட்டார்” என்றார். வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். அதிலென்ன வெட்கம்?

பண்டத்தரிப்பில் காணி உறுதிப் பத்திரங்கள் எழுதிய நொத்தாரிசு செல்லத்துரை ஐயாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விற்பதென்றாலும் ஈடு வைப்பதென்றாலும், காணியை நேரில் பார்த்து, அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் அவர் பேனையைத் தொடமாட்டார். “நொத்தாரிசோ, கலியாணத் தரகரோ?” என்று ஊரில் நக்கலடித்தார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பத்தாறாம் ஆண்டு. ஆமி இளம் பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போகிற காலம். கணவரை இழந்த எனக்கு ஒரே மகன். அவனை வெளிநாட்டுக்கு அனுப்ப, வீட்டுக்குப் பின்னாலிருந்த வெங்காயத் தோட்டத்தை ஒற்றி வைக்கத் துணிந்தேன். ஒற்றி என்றால், மீட்கும்வரை காசு தந்தவரே காணியை ஆண்டு அனுபவிப்பார். தர முன்வந்தவர் என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி. பட்டினத்தில் எழுதுவித்த ஒற்றி உறுதியின் நகலோடு வந்தார். அதைத் தூக்கிக்கொண்டு ஐயாவிடம் ஓடினேன். என் சீதன உறுதியை எழுதியவரும் அவர்தான்.

மறுநாள் காலை ஐயா வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டார். தோட்டத்துக் கிணற்றில் அள்ளிக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கேட்டார்: “பிள்ளை, உந்தக் கிணறு காணியோடை போனால், மகனை அனுப்பிப்போட்டு நீ தண்ணிக்கு ஆரின்ரை படலை வாசலிலை போய் நிப்பாய்?”

நானும் அந்த நகலை வாசித்தவள்தான். நாளாந்தம் அள்ளுகிற கிணறு நமக்கில்லாமல் போகும் என்று யார் நினைப்பார்கள்?

காசு தர வந்த மைத்துனருக்குக் கோபம். “நாங்கள் சொந்தக்காரர் எல்லோ? தண்ணி அள்ள விடமாட்டனோ?”

“சொந்தக்காரர் எண்டபடியால்தான் எழுதச் சொல்லுறன், தம்பி. பிறத்தியாரெண்டால் ஊர் நியாயம் கேக்கும். சொந்தமெண்டால், உங்கடை வீட்டுச் சங்கதி எண்டு விலகிப் போயிடும்.”

பயணநாள் நெருங்கியது. “கிணறு போனால் போகட்டும், எழுதிவிடுங்கோ ஐயா” என்று கெஞ்சினேன்.

“மாட்டன். சீதனம் எழுதேக்கை உன்னைப் பெத்த கொப்பர் என்ரை கையைப் பிடிச்சுக் கேட்டவர், பிள்ளை தண்ணிக்கு அந்தரப்படக்கூடாது எண்டு. அந்தாளுக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?”

கடைசியில் மைத்துனர்தான் இறங்கிவந்தார். கிணற்றில் பாதிப் பங்கும், அள்ளப் போகிற வழியும் எனக்கென்று எழுதப்பட்டன. மகன் சுகமாகப் போய்ச் சேர்ந்தான்.

மாரி முடிய மைத்துனர் வேலி அடைத்தார், என் வழியையும் சேர்த்து! வழக்குப் போடவும் கோடு கச்சேரி எதுவும் ஒழுங்காக நடக்காத நேரம். ஐயா குடையோடு வந்து வேலியடியில் நின்றார். “வேலியை வெட்டுமட்டும் நான் போகன்.” வெயில் ஏறியது. அயலெல்லாம் கூடிவிட்டது. மைத்துனரே கத்தி எடுத்துவந்து, ஆள் நுழையுமளவு வேலியில் பொட்டு வெட்டி வழி விட்டார்.

எழுதத் தெரிந்த நொத்தாரிசுகள் பட்டினத்தில் எத்தனையோ பேர். என் கிணற்றைத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். ஆளையாள் தெரிந்தால் தொழில் கெடும் என்கிறவர்கள் என் படலைக்கு வரட்டும், நான் பதில் சொல்கிறேன்.

செத்தவீட்டுக்குப் போகுமுன் அந்தப் பொட்டால் நுழைந்து ஒரு குடம் தண்ணீர் அள்ளினேன். குடத்தோடு போன என்னைப் பார்த்து, செத்தவீட்டு முற்றத்தில் நின்ற மைத்துனர், “ஏன், இஞ்சை தண்ணி இல்லையோ?” என்றார்.

“இருக்கு. இது என்ரை பங்கு” என்றேன், எல்லோருக்கும் கேட்க.

அந்தத் தண்ணீரில்தான் ஐயாவைக் குளிப்பாட்டினார்கள்.

போய்வாருங்கள் ஐயா. காணி இன்னும் ஒற்றியில்தான் கிடக்கிறது. மீட்பேன். மீட்ட பிறகும் அந்தப் பொட்டை அடைக்கமாட்டேன்.