அஞ்சலை அக்கா அழாத கதை

1. மூன்றாம் பாரம்

சுங்கைப் பட்டாணியில் ஓர் அச்சகத்தில் ஆறு ஆண்டுகளாகப் பக்கம் வடிவமைக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கருமக்கிரியை அட்டை, பள்ளி ஆண்டு மலர், எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் மெஷினுக்குப் போகும். எழுத்தில் ஆர்வமுள்ள தம்பி தங்கைகளுக்கு வேலை அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் வாசகர் வட்டத்தில் கேட்டார்கள். நான் நன்றாகச் செய்த வேலைகளைச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் நினைவுக்கு வருவது, குமரேசன் மூன்றாம் பாரத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்த அந்தப் பகல்தான்.

பாரம் என்றால் பதினாறு பக்கங்கள் ஒன்றாக ஓடும் பெரிய தாள். அன்று காலை வட்டத்தின் சிறுகதைப் போட்டித் தொகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. குமரேசன் எங்கள் டெலிவரி ஆள். என் வயதுதான். தொகுப்பின் முதல் பரிசுக் கதை அவனுடையது. தன் கதை இருந்த பாரத்தில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு பீடோங் பக்கம் டெலிவரிக்குப் போனவன், ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டான்.

"யார்டா இத எழுதுனது?"

"எது?"

"நடிக்காதலா. கடேசி அஞ்சு வரி. நான் எழுதல. மெஷின் எழுதிக்கிச்சா?"

"எடிட்டிங்டா மச்சான். பாஸ்தான் மொழி பாக்கச் சொன்னாரு."

"மொழி பாக்கச் சொன்னா, அந்தம்மாவ அழ வச்சிருக்க!" தாளை என் மேசையில் அடித்தான். "அஞ்சலக்கா என்கிட்ட ஒண்ணுதான்டா கேட்டாங்க. எழுதிக்க, ஆனா நான் அழுதேன்னு மட்டும் எழுதிடாதன்னாங்க. சரின்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இன்னிக்கி இந்தத் தாளக் கொண்டுபோய் வாசிச்சுக் காட்றதா இருந்தேன். நல்ல வேள, எஸ்டேட் கேட்டுக்கிட்ட வேன நிறுத்திப் படிச்சேன்."

அந்த ஐந்து வரியை எழுதியவன் நான்தான்.

2. நாற்பத்து மூன்று கரு

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அப்பா ஆறாம் வகுப்போடு நின்று, பீடோங் பக்கம் ஓர் எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் வேலை செய்கிறார். நாங்கள் எஸ்டேட்டின் லய வரிசை வீட்டை விட்டு நகரத்துத் தாமான் குடியிருப்புக்கு வந்த பிறகும் அவர் அங்கேதான் மோட்டாரில் போய்வருகிறார். நான் பட்டம் வாங்கிய படம் வீட்டுச் சுவரில் சாமிப் படத்துக்குச் சரிசமமாகத் தொங்குகிறது. எழுத்தாளன் ஆகவேண்டும் என்பது அந்தப் படத்தில் சிரிக்கும் முகத்துக்குள் இருந்த எண்ணம்.

என்னிடம் ஒரு நோட்டு உண்டு. கதைக்கான கருக்களை மட்டும் எண் போட்டு அதில் எழுதி வைப்பேன். நாற்பத்து மூன்று சேர்ந்திருந்தன. எழுதி முடித்த கதைகள் மூன்று. மூன்றுக்கும் பரிசு கிடைக்கவில்லை. கரு நன்றாக இருந்தும் நடுவர்களுக்குப் புரியவில்லை என்று சொல்லிக்கொள்வேன்.

நாற்பத்தோராவது கருவை அப்பா சாப்பாட்டு மேசையில் சொன்னார். எஸ்டேட்டில் முனியாண்டி என்பவர் மாரடைப்பில் இறந்துபோனார். அவருடைய வேலைக்கு ரபிக் என்ற வங்காளதேசத்து ஆளைப் போட்டார்கள். காலையில் வேலையாட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது, பழக்கதோஷத்தில் மேற்பார்வை மண்டோர் "முனியாண்டி!" என்று கூப்பிட்டாராம். ரபிக்கும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று "அடா!" என்றானாம். மலாயில் 'இருக்கிறேன்' என்று பொருள். அன்றிலிருந்து அதுவே அவன் பேராகிவிட்டது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடையாளம், புலம்பெயர்வு, வரலாறு எல்லாம் ஒரே பேருக்குள்! மறுநாள் கரங்கானுக்குப் பள்ளி மலர் கொண்டுபோக வேனில் நானும் போனேன். வழியெல்லாம் குமரேசனிடம் இதையே பேசினேன்.

அவன் கியர் மாற்றிக்கொண்டே, "அந்த முனியாண்டியண்ணன் பெஞ்சாதி இருக்காங்கல்ல, அவங்க வீடு பெரட்டுக்களத்துக்குப் பின்னாடிதான்" என்றான். "கருமக்கிரிய அட்ட நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். அப்ப தெனம் காலையில புருஷன் பேர் கேக்குமேலா அவங்களுக்கு?"

"அதெல்லாம் சின்ன விஷயம்டா. கரு வேற. இது ஓர் இனத்தோட கத."

கொஞ்ச தூரம் போன பிறகு, "டேய், இத நானும் எழுதிப் பாக்கவா?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வில் தமிழே எடுக்காதவன். டெலிவரி புத்தகத்தில் 'பெற்றுக்கொண்டேன்' என்பதையே மூன்று விதமாக எழுதுபவன். "எழுதுலா, எழுது. எழுதித்தான் பாரேன்" என்றேன்.

பிறகு பலரிடம் அவன் என் கருவைத் திருடிவிட்டான் என்று சொல்லியிருக்கிறேன். இந்தப் பேச்சை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

3. பட்டியல் வந்த நாள்

வட்டத்தின் போட்டிக்கு நான் எழுதிய கதை பதினான்கு பக்கம் வந்தது. ரப்பர்க் காலத்து வரலாறு முதல் நான்கு பக்கம். முனியாண்டியின் மனைவி ஒன்பதாம் பக்கத்தில் வந்து பத்தாம் பக்கத்தில் போய்விடுவார். ரபிக் கடைசியில் "என் பெயர் எங்கே தொலைந்தது?" என்று நல்ல செந்தமிழில் கேட்பான். எழுதி முடித்து நானே கைதட்டிக்கொள்ளாத குறை.

வாட்ஸாப்பில் முடிவு வந்தபோது முதல் பரிசு குமரேசனுக்கு. ஆறுதல் பரிசுப் பட்டியலைக் கீழிருந்து மேலாகவும் பார்த்தேன். என் பேர் இல்லை.

பொறாமை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அது சின்னச் சின்ன விஷயமாக வந்தது. அவன் வேன் சாவியை ஆட்டிக்கொண்டு நடப்பது பிடிக்கவில்லை. அவன் தேத்தண்ணி உறிஞ்சுகிற சத்தம் பிடிக்கவில்லை. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நான் கதை சொன்னால் பாஸ் ராமு அண்ணன், "நல்ல விஷயம்பா" என்று சொல்லிவிட்டு போனைப் பார்ப்பார். குமரேசன் யார் வீட்டு நாய் துரத்தியது என்று சொன்னாலும், "அப்புறம் என்னாச்சுலா?" என்று கேட்பார். இத்தனை நாள் இதை எப்படிக் கவனிக்காமல் இருந்தேன்?

வீட்டில் அம்மா கொதித்தார். "அந்த டெலிவரிக்காரப் பையனா? ஒன் கதய எடுத்துக்கிட்டானா? நீ போயி கேக்க வேண்டியதுதானே?"

அப்பா தட்டில் கையை வைத்துக்கொண்டு, "அது எப்ப இவன் கதையாச்சு? முனியாண்டி கதலா அது" என்றார். நான் எழுந்து போய்விட்டேன்.

4. ஐந்து வரி

தொகுப்பை அச்சடிக்கும் வேலை எங்களுக்கே வந்தது. குமரேசனின் கதை, டெலிவரி புத்தகத்துத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதியது, என் மேசைக்கு வந்தது. "இவன் கதையில பிழ நெறய இருக்கும், மொழி மட்டும் பாத்துடு" என்றார் பாஸ்.

நான்கே பக்கம். வரலாறு கிடையாது. இனம் கிடையாது. முனியாண்டியின் மனைவி அஞ்சலை முழங்கால் வலியால் வேலையை விட்டு வீட்டில் இருக்கிறாள். காலையில் பெரட்டுக்களத்தில் "முனியாண்டி!" என்ற சத்தம் கேட்கிறது. முதல் நாள் பாத்திரம் கைநழுவுகிறது. பிறகு தினமும் அந்தப் பேரைக் கூப்பிடும் நேரம் வந்தால் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு நிற்கிறாள். "அடா!" என்று பதில் வந்ததும் திறக்கிறாள். ஒருநாள் பேரைக் கூப்பிடுகிறார்கள். பதில் இல்லை. மறுபடி கூப்பிடுகிறார்கள். குழாய் மூடியபடியே இருக்கிறது. ரபிக்குக் காய்ச்சல் என்று யாரோ சொல்கிறார்கள். கதையின் கடைசி வரி இதுதான்: 'அன்று கஞ்சியில் மிளகு தட்டிப் போட்டு, தூக்குச்சட்டியில் அவன் தங்கியிருந்த கொங்சிக்குக் கொடுத்தனுப்பினாள்.'

அதில் பதினெட்டு எழுத்துப்பிழை இருந்தது. எண்ணினேன். எண்ணுவதற்கு அவை இருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

திருத்தி முடித்தும் கை நிற்கவில்லை. இவ்வளவு பெரிய கரு, கஞ்சியில் போய் முடிவதா? வாசகனுக்கு என்ன விளங்கும்? இப்படி எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டு தட்டினேன்: 'அவள் கதறினாள். மார்பில் அடித்துக்கொண்டாள். உயிரைப் பறித்தவன் பெயரையும் பறித்தானே என்று ஓலமிட்டாள். அது ஒரு பெண்ணின் கதறல் அல்ல. ஓர் இனத்தின் கதறல்!'

அச்சுக்கு முந்திய புரூப்பில் பாஸ் பேர்களை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். குமரேசன் புரூப் கேட்டபோது, "நான் பாத்துட்டேன்டா, நம்பு" என்றேன். நம்பினான்.

5. வாசித்தது

அதனால்தான் அன்று பகல் அவன் தாளைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றான். நான் கடைசியில், "முடிவு பலமா இருக்கட்டும்னு போட்டேன்டா" என்றேன்.

"பலமா இருக்கா?"

"என்னப் பொறுத்தவர இருக்கு."

"சரி. ஏறு வேன்ல. நீயே வந்து அவங்ககிட்ட வாசி. ஒன் முடிவு நல்லாருந்தா அதையும் வாசி. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அஞ்சலை அக்காவின் வீடு, அதே லயத்தில் நான் பிறந்த வீட்டிலிருந்து நான்கு கதவு தள்ளி. கதை எழுதிய மூன்று மாதத்தில் அங்கே போகவேண்டும் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

வாசலில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நீ லோரி சுப்பு மவன்தானே? பெரிய படிப்புப் படிச்சவன். நீயே வாசி சாமி. இவன் வாசிச்சா திக்கித் திக்கி எனக்குத் தூக்கம் வந்துரும்" என்றார்.

"ஆமாக்கா, அவன்தான் வாசிக்கப்போறான்" என்றான் குமரேசன். என்னைப் பார்க்கவில்லை.

வாசித்தேன். குழாயை மூடுகிற இடம் வந்தபோது அவர் கை நெத்திலியோடு நின்றது. பதில் வராத இடத்தில் பெரட்டுக்களத்துப் பக்கம் தலையைத் திருப்பினார். கஞ்சி வந்தது, மிளகு வந்தது, தூக்குச்சட்டி போனது. அடுத்த வரி 'அவள் கதறினாள்.'

அந்த அவள் எனக்கு மூன்றடி தூரத்தில், மடியில் முறத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதிய வரிதான். அச்சிலும் ஏறிவிட்டது. அவர் முகத்துக்கு நேராக அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

"அவ்வளவுதாங்க்கா" என்றேன்.

அவர் கையில் இருந்த நெத்திலியின் தலையைக் கிள்ளி முறத்தில் போட்டார். பிறகு அவர் குமரேசனிடம், "மொளகு போட்டதுகூட எழுதிட்டியாடா?" என்றார்.

"நீங்கதானேக்கா சொன்னீங்க."

"கூடத்தான் போட்டுட்டேன் அன்னிக்கி. மறுநாளு மூக்கு ஒழுக வந்து நிக்கிறான், சட்டியக் குடுக்க. 'மக்சிக், பெடாஸ்'ங்கறான்." 'அத்தை, காரம்' என்று அவன் மலாயில் சொன்னதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "சரியாத்தான் எழுதிருக்க. போட்டுக்க" என்றார்.

'போட்டுக்க' என்றது அவனைப் பார்த்து. என்னிடம், "நல்லா வாசிச்ச சாமி" என்றார். அந்த வித்தியாசம் வேனில் திரும்பும் வழியெல்லாம் என் நெஞ்சில் குத்தியது. குமரேசன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

6. பாதிப் பக்கம்

அச்சகத்துக்கு வந்ததும் நேராக பாஸிடம் போனேன். மூன்றாம் பாரத்தை மறுபடி ஓட்டவேண்டும், தப்பு என்னுடையது என்றேன்.

"பிழ விட்டுட்டியா?"

"இல்லண்ணே. அவன் எழுதாதத நான் எழுதிச் சேத்துட்டேன்."

"ஏன்டா?"

"பொறாமண்ணே."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். தாள் வீணானதற்கு வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. திட்டி ஓய்ந்த பிறகு, "பிளேட்ட மாத்து" என்றார்.

ஐந்து வரியையும் அழித்தேன். கதை தூக்குச்சட்டியோடு பக்கத்தின் நடுவில் நின்றது. கீழே பாதிப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. பாஸ் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"காலியா கெடக்கேடா. ஒரு பூவோ கொடியோ போடுலா."

"வேணாம்ணே."

"அசிங்கமா இருக்கும்."

"இருக்கட்டும்ணே."

எழுத வரும் தம்பி தங்கைகளே, கரு வருவது பெரிய விஷயம் என்று நானும் நினைத்திருந்தேன். வரும். எல்லாருக்கும் வரும். எங்கள் மெஷின்காரரிடம் கேட்டால் காலைக்குள் பத்துச் சொல்வார். அந்தக் கருவில் இருக்கும் ஆளின் வீட்டுக்கு நடந்து போவது, அங்கே கேட்டதை மட்டும் எழுதுவது, எழுதியதைக் கஞ்சியில் நிறுத்திவிட்டுக் கையை எடுப்பது, இவை எனக்கு இன்னும் கைவரவில்லை. கையை எடுப்பதுதான் மிகக் கடினம். இப்போது ஒரு கதை எழுதுகிறேன். அதற்காக ஓர் ஆளைப் பார்க்க இரண்டு முறை கரங்கானுக்குப் போய்வந்தேன். இரண்டு பக்கம் தேறியிருக்கிறது.

குமரேசன் அடுத்த கதையை எழுதி, பிழை திருத்த என்னிடமே கொடுத்திருக்கிறான். ஏன் கொடுத்தான் என்று நான் கேட்கவில்லை. எழுத்துப்பிழை மட்டும் பார்க்கிறேன். நடுநடுவே நல்ல வரி ஒன்று வரும்போது வயிறு எரிகிறது, குறையவே இல்லை. அந்த வரியைத் தொடாமல் அடுத்த வரிக்குப் போகிறேன்.